அனுப்பியவர் பெயரை ஏன் நம்பக் கூடாது?

"இன்றிரவு உங்கள் மின் இணைப்பு துண்டிக்கப்படும்." 2022-இல் மின்வாரியத்தின் பெயரில் தமிழகமெங்கும் செல்பேசிகளுக்கு வந்த போலிச் செய்தி இது. அதிலிருந்த எண்ணை அழைத்தவர்களில் பலர் பணத்தை இழந்தார்கள். மின்னஞ்சலிலும் இதே ஏமாற்று நடக்கிறது.

இது ஏன் முடிகிறது? மின்னஞ்சலைக் கொண்டுசெல்லும் எஸ்எம்டிபி நெறிமுறை 1982-இல் ஜான் போஸ்டல் வகுத்தது. அனுப்புபவர் யார் என்று அது சோதிப்பதில்லை. தபால் உறையில் யார் பெயரையும் எழுதலாம் அல்லவா, அப்படித்தான்.

இதை எப்படித் தடுக்கிறார்கள்? ஒரு நிறுவனத்தின் பெயரில் அஞ்சல் அனுப்ப உரிமையுள்ள சர்வர்களின் பட்டியல் எஸ்பிஎஃப். ரகசியச் சாவியால் இடப்படும் டிஜிட்டல் கையொப்பம் டிகேஐஎம். சோதனையில் தோற்ற அஞ்சலை என்ன செய்வது என்று சொல்வது டிமார்க். 2024 பிப்ரவரி முதல் மொத்தமாக அஞ்சல் அனுப்புவோருக்குக் கூகுளும் யாஹூவும் இவற்றைக் கட்டாயமாக்கின.

ஆனாலும் ஓர் ஓட்டை உண்டு. வங்கியின் பெயரில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றி மோசடிக்காரர் சொந்தமாக ஒரு முகவரியைப் பதிவு செய்தால், அது எல்லாச் சோதனையிலும் தேறிவிடும். அதனால்தான் வங்கிகளின் இணைய முகவரிகள் 'பேங்க்.இன்' என்று முடிய வேண்டும் என ரிசர்வ் வங்கி 2025-இல் உத்தரவிட்டது.

தனியாக வசிக்கும் பெரியவர்களுக்கு இதை எடுத்துச் சொல்லுங்கள்: வந்த இணைப்பைத் தொடாதீர்கள், ஓடிபியைச் சொல்லாதீர்கள், ஏபிகே என்னும் செயலிக் கோப்பை நிறுவாதீர்கள். செல்பேசியையும் கணினியையும் அவ்வப்போது அப்டேட் செய்யுங்கள். பணம் போய்விட்டால் வெட்கப்படாமல் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ, அந்தப் பணத்தை முடக்கி மீட்கும் வாய்ப்பு அவ்வளவு கூடும்.