கல்வெட்டுத் தரவுத்தளத்தில் நிபந்தனைவழி வடிகட்டல்: திருவரங்கக் கல்வெட்டுகளை முன்வைத்து

முன்னுரை

திருவரங்கம் அரங்கநாதசுவாமி கோயிற் கல்வெட்டுகளின் பாடங்கள், தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் 24ஆம் தொகுதியாக 1982இல் வெளிவந்தன. சோழர், பாண்டியர், போசளர், விசயநகர வேந்தர் எனப் பல மரபினரின் ஆவணங்கள் இக்கோயிலில் உள்ளன. இத்தகைய தரவுகளை அட்டவணையாக்கி ஆராய்வோர்க்கு எஸ்கியூஎல் மொழியின் 'வேர்' என்னும் கூறு இன்றியமையாதது. அது செயற்படும் முறையையும் ஆய்வு முடிவைத் திரிக்கும் இடங்களையும் இக்கட்டுரை விளக்குகிறது.

நிபந்தனையின் இயல்பு

செலக்ட் * ஃப்ரம் கல்வெட்டு வேர் அரசன் = 'சுந்தரபாண்டியன்'

இவ்வினவல் ஒவ்வொரு வரிசையையும் நிபந்தனையோடு ஒப்பிட்டு, 'மெய்' என அமைவனவற்றை மட்டுமே தருகிறது. எனினும், சடையவர்மன், மாறவர்மன் ஆகிய இரு பட்டங்களிலும் சுந்தரபாண்டியர் உளர். எனவே பட்டத்திற்கெனத் தனிப் புலம் அமைத்து, 'ஆண்ட்' என்னும் சொல்லால் இரு நிபந்தனைகளையும் இணைத்தல் வேண்டும்.

இணைப்புச் சொற்களின் முன்னுரிமை

வேர் மரபு = 'சோழர்' ஆர் மரபு = 'பாண்டியர்' ஆண்ட் மொழி = 'தமிழ்'

இங்கு 'ஆண்ட்' முதலில் மதிப்பிடப்படும். ஆதலால் பாண்டியர் கல்வெட்டுகளுள் தமிழில் அமைந்தவை மட்டும் வர, சோழர் கல்வெட்டுகள் எம்மொழியினவாயினும் வந்துவிடும். இரு மரபிற்கும் தமிழ்க் கல்வெட்டுகளே வேண்டுமெனின், 'ஆர்' இணைக்கும் பகுதியை அடைப்புக்குறிக்குள் இடுதல் வேண்டும்.

சிதைந்த ஆண்டும் வெற்று மதிப்பும்

கல் சிதைந்து ஆட்சியாண்டு அறியவியலாத இடத்தில், அப்புலம் 'நல்' எனப்படும் வெற்று மதிப்பைப் பெறும். நூறு கல்வெட்டுகளுள் 60 பத்தாம் ஆட்சியாண்டு வரையிலானவை, 25 அதற்குப் பிந்தியவை, 15 ஆண்டு சிதைந்தவை எனக் கொள்வோம். 'ஆண்டு <= 10' என்பது 60 வரிசைகளையும், 'ஆண்டு > 10' என்பது 25 வரிசைகளையும் தரும். எஞ்சிய 15 இரண்டிலும் இடம்பெறா. வெற்று மதிப்போடு செய்யும் ஒப்பீடு மெய்யுமன்று, பொய்யுமன்று. 'அறியப்படாதது' என்பதே அதன் விடை. முதல் நிபந்தனையை 'நாட்' கொண்டு எதிர்மறையாக்கினும் அவை வாரா. 'ஆண்டு = நல்' என எழுதினும் பயனில்லை. 'ஆண்டு ஈஸ் நல்' என்பதே அவற்றைப் பெறும் வழியாகும்.

கணினி இதனைப் பிழையெனச் சுட்டாது. நூற்றுக்கு 60 என்பதற்கு மாறாக 85க்கு 60 எனக் கணக்கிடும் ஆய்வாளர், தொடக்க ஆட்சியாண்டுகளின் பங்கை ஏறத்தாழ 71 விழுக்காடாகக் காண்பார். சிதைவை விலக்கியதை அவர் குறிப்பிடாவிடில், அம்முடிவு படிப்போரைத் தவறான கருத்திற்கு இட்டுச்செல்லும்.

முடிவுரை

வடிகட்டிய தொகைகளைக் கூட்டி மொத்தத்தோடு ஒப்பிடுதலும், சிதைந்தவற்றின் எண்ணிக்கையைத் தனியே தருதலும், பயன்படுத்திய வினவலைக் கட்டுரையில் பின்னிணைப்பாக வைத்தலும் ஆய்வாளர் கடமையாகும். கல்வெட்டுப் பதிப்பாசிரியர் சிதைந்த எழுத்துகளுக்குப் புள்ளியிட்டு இடம் விடுவர். அந்நேர்மையைத் தரவுத்தள ஆய்வும் பேணுதல் வேண்டும்.