இருந்தும் இல்லாதோர்: இஸ்ரேலில் அரபு எழுத்து

பலஸ்தீன இலக்கியம் என்றதும் அகதி முகாம்களும் நாடிழந்த எழுத்தாளர்களுமே பெரும்பாலும் நம் நினைவுக்கு வருகின்றனர். 1948ல் தம் மண்ணிலேயே தங்கி, இஸ்ரேலின் பிரஜைகளாகிவிட்ட அரபுச் சிறுபான்மையினரும் இருக்கின்றனர். அப்போது ஏறக்குறைய ஒன்றரை இலட்சம் பேர். இன்று சுமார் இருபது இலட்சம். அதாவது, அந்நாட்டவரில் ஐவருக்கு ஒருவர். இவர்களின் எழுத்து பற்றியே நேயர்களுடன் இவ்வாரம் பேச விரும்புகிறேன்.

இவ்வெழுத்தை விளங்கிக்கொள்ள ஒரு சட்டத்தை முதலில் அறிந்துகொள்வது நல்லது. 1950ல் இயற்றப்பட்ட 'இல்லாதோர் சொத்துச் சட்டம்', யுத்தத்தின்போது இருப்பிடம் விட்டு அகன்றோரின் காணிகளையும் வீடுகளையும் அரசு நியமித்த பாதுகாவலரிடம் ஒப்படைத்தது. நாட்டை விட்டுச் செல்லாது உள்ளேயே இடம்பெயர்ந்த பலரும் இதில் அகப்பட்டனர். ஆள் நாட்டில் இருக்கிறார், வாக்களிக்கிறார், ஆனால் அவருடைய காணியைப் பொறுத்தவரை அவர் இல்லாதவர். இத்தகையோருக்கு 'இருந்தும் இல்லாதோர்' என்ற விசித்திரமான பெயரும் ஏற்பட்டது. இதனோடு, 1966 வரை அரபு மக்கள் மீது இராணுவ நிர்வாகமும் இருந்தது. ஊர் விட்டு ஊர் செல்ல அனுமதிப் பத்திரம் வேண்டியிருந்தது.

எம். ஏ. நுஃமானின் 'பலஸ்தீனக் கவிதைகள்' மூலம் நம் வாசகர்கள் அறிந்த மஹ்மூத் தர்வீஷ் இந்நிலையில் வளர்ந்தவர். அவர் பிறந்த அல்-பிர்வா கிராமம் 1948ல் அழிந்தது. லெபனானுக்குச் சென்ற குடும்பம் இரகசியமாகத் திரும்பியபோது குடிசனப் பதிவு முடிந்திருந்தது. பதிவேட்டில் இடம்பெறாத அந்தச் சிறுவன் வளர்ந்து எழுதியதே, 1964ல் நூலில் வந்த 'அடையாள அட்டை'. அதில் அதிகாரி கேட்கும் விபரங்களைக் கட்டளைபோல் சொல்லி எழுதவைக்கிறான் ஓர் அரபுத் தொழிலாளி.

தர்வீஷ் 1970ல் நாட்டை விட்டுச் சென்றார். எமில் ஹபீபியோ தங்கியவர். கம்யூனிஸ்ட் கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த இவர், 1974ல் வெளியிட்ட நாவலின் நாயகன் சயீத். 'நம்பிக்கையுள்ளவன்', 'நம்பிக்கையற்றவன்' என்ற இரு அரபுச் சொற்களை ஒட்டிச் செய்ததே அவனது பட்டப்பெயர். அரசுக்கு உளவு சொல்லிப் பிழைக்கும் கோழை அவன். 1967 யுத்தத்தின்போது, தோற்ற அரபுகள் வெள்ளைக்கொடி ஏற்றவேண்டும் என்று வானொலி அறிவிக்கிறது. ஹைபாவிலிருக்கும் சயீதும் துடைப்பக் கட்டையில் வெள்ளைத் துணியைக் கட்டி ஏற்றுகிறான். அப்படியானால் ஹைபாவும் ஆக்கிரமிக்கப்பட்ட நகரா என்று அவனைச் சிறையில் தள்ளுகிறார்கள்! விசுவாசமே குற்றமாகிவிடும் இந்த அங்கதத்தில், ஒரு சமூகத்தின் குடியுரிமை நிலை முழுவதும் அடங்கிவிடுகிறது என்பது என் கருத்து. 1996ல் மறைந்த ஹபீபியின் கல்லறையில், அவர் விரும்பியவாறே, ஹைபாவில் தங்கியவர் என்று பொறிக்கப்பட்டது.

அன்டன் ஷம்மாஸ் வேறு வழியை நாடினார். 'அரபெஸ்க்' என்ற நாவலை 1986ல் ஹீப்ரு மொழியிலேயே எழுதினார். யூதர், அரபுகள் இருசாராரையும் சமமாகக் கொள்ளும் 'இஸ்ரேலியர்' என்ற பொது அடையாளத்தை அவர் கோரினார். பிரபல யூத எழுத்தாளர் ஏ. பி. யெஹோஷுவா இதை ஏற்கவில்லை. முழுமையான அடையாளம் வேண்டுமாயின், எதிர்காலப் பலஸ்தீன அரசுக்குக் குடிபெயரலாம் என்பது அவர் பதில். மொழியைக் கைப்பற்றிய கலைஞனுக்கும் வீட்டில் இடமில்லை. ஷம்மாஸ் பின்னர் அமெரிக்காவில் குடியேறினார்.

இவ்விவாதம் ஓயவில்லை. 2018ல் நிறைவேறிய அடிப்படைச் சட்டம், நாட்டின் சுயநிர்ணய உரிமை யூத மக்களுக்கே உரியது என்றது. அரசகரும மொழியாயிருந்த அரபு, 'விசேட அந்தஸ்து' மொழியாக இறக்கப்பட்டது. 2021ல் சுயேச்சையான அரபுக் கட்சியொன்று முதன்முறையாக ஆளும் கூட்டணியில் சேர்ந்தபோதும் அச்சட்டம் நீங்கவில்லை. அடுத்த ஆண்டே கூட்டணி குலைந்தது.

வாக்குச்சீட்டு ஒருவரைப் பிரஜையாக்கலாம். அவரது காணியும் மொழியும் நினைவும் அந்நாட்டுக்கு உரியவை என்று ஏற்கப்படும்போதே அவர் சமமான பிரஜையாவார். அரைநூற்றாண்டுக்கும் மேலாக இவ்வெழுத்தாளர்கள் வெவ்வேறு குரல்களில் வலியுறுத்தியது இதைத்தான்.