ஒரு கேள்விக்கு 76 வினாடி! பி.எம்.பி. தேர்வு பற்றி இதெல்லாம் தெரியுமா?

பகலெல்லாம் புக்கிட் தெங்கா தொழிற்பேட்டையில் வேலை, இரவில் பி.எம்.பி. எனும் திட்ட மேலாண்மைத் தேர்வுக்குப் படிப்பு என்று ஓடுகிறவரா நீங்கள்? அப்படியானால் இதைக் கேளுங்கள், அசந்துபோவீர்கள்!

2021-இல் வந்த தேர்வு வடிவத்தில் 180 கேள்விகள், 230 நிமிடங்கள். வகுத்துப் பார்த்தீர்களா? ஒரு கேள்விக்கு 76 வினாடிதான்! அதற்குள் நாலைந்து வரிக் கதையைப் படித்து, சரிபோலவே தோன்றும் விடைகளில் மிகச் சரியானதைப் பிடிக்க வேண்டும்!

அந்த 180-இல் 5 கேள்விகளுக்கு மதிப்பெண்ணே கிடையாது, தெரியுமா? பின்னால் வரும் தேர்வுகளுக்காக வெள்ளோட்டம் விடப்படுபவை அவை. எந்த ஐந்து? சொல்லவே மாட்டார்கள்! தவறான விடைக்கு மதிப்பெண் வெட்டும் கிடையாது. எதையும் வெறுமையாக விட்டுவிடாதீர்கள்!

பத்துப் பத்து நிமிடமாக இரண்டு இடைவேளை உண்டு. ஆனால் முதல் 60 கேள்விகளை முடித்து இடைவேளைக்குப் போய்விட்டால், அவற்றைத் திரும்ப எட்டிக்கூடப் பார்க்க முடியாது!

தேர்ச்சி மதிப்பெண் எவ்வளவு? அதை இந்தத் தேர்வை நடத்தும் பி.எம்.ஐ. அமைப்பு வெளியிடுவதே இல்லை!

1969-இல் அமெரிக்காவில் தொடங்கிய அமைப்பு அது. முதல் பி.எம்.பி. தேர்வு 1984-இல். இன்று உலகெங்கும் 10 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இந்தச் சான்றிதழ் வைத்திருக்கிறார்கள்!

இப்போது பாடத்தில் வரும் ஒரு குட்டிக் கணக்கு. குழுவில் 10 பேர். ஒருவரோடு ஒருவர் பேச எத்தனை வழி? 45! ஆளை இரட்டிப்பாக்கி 20 பேர் ஆக்குங்கள். 90 என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை, 190! 50 பேர் என்றால் 1,225! ஆளைக் கூட்டினால் வேலை வேகமாகிவிடும் என்று நம்பும் மேலாளர்கள் எல்லாரும் பார்க்க வேண்டிய கணக்கு இது. சூத்திரம் மிக எளிது: ஆள் எண்ணிக்கையை அதைவிட ஒன்று குறைந்த எண்ணால் பெருக்கி, பாதியாக்குங்கள். அவ்வளவுதான்!

சூத்திரங்களை உருப்போட்டால் போதுமா? போதாது! 2021 பாடத்திட்டத்தில் 42 விழுக்காடு, மனிதர்களை வழிநடத்துவது பற்றியது! சச்சரவு தீர்ப்பது, குழுவைத் தட்டிக்கொடுப்பது, பேசி இணங்க வைப்பது... எனக்கு இந்தத் தேர்வில் மிகப் பிடித்த பகுதியே இதுதான்.

பாடத்துக்கு எடுத்துக்காட்டு தேடி எங்கும் போக வேண்டாம்! உங்கள் ஊர் நிலையத்தில் நிற்கும் மின்ரயில் எந்தத் திட்டத்தின் பயன் தெரியுமா? ஈப்போவிலிருந்து பாடாங் பெசார் வரை 329 கிலோமீட்டர் இரட்டைத் தண்டவாளம்! பத்து காவானில் தொடங்கும் இரண்டாம் பினாங்கு பாலம்? 24 கிலோமீட்டர், அதில் கடல்மேல் மட்டும் 16.9! 2014 மார்ச் 1-இல் திறந்தார்கள்.

யார் எழுதலாம்? பட்டதாரி என்றால் திட்டங்களை வழிநடத்திய 36 மாத அனுபவம், டிப்ளோமா என்றால் 60 மாதம். கூடவே 35 மணி நேரப் பயிற்சி. விண்ணப்பம் ஏற்கப்பட்டால் ஓராண்டுக்குள் மூன்று வாய்ப்பு! பாடத்திட்டத்தை அவ்வப்போது மாற்றுவார்கள். பதியும் முன் பி.எம்.ஐ. இணையத்தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. எச்.ஆர்.டி. கார்ப் எனும் மலேசிய மனிதவள மேம்பாட்டு அமைப்பின் சட்டத்தின்கீழ் வரும், 10 அல்லது அதற்கு மேல் மலேசியத் தொழிலாளர் கொண்ட நிறுவனங்கள், சம்பளத்தில் 1 விழுக்காட்டுக்கு ஈடான தொகையைப் பயிற்சி நிதிக்குக் கட்டுகின்றன, தெரியுமா? உங்கள் சம்பளத்தில் பிடிக்காமல், தங்கள் கையிலிருந்து! அந்த நிதியில் உங்கள் 35 மணி நேரப் பயிற்சிக்கு இடமுண்டா என்று நாளைக்கே மனிதவளப் பிரிவில் கேளுங்கள்!