அருகம்புல் மைதானம்

ராயக்கோட்டைப் பக்கத்துச் செம்மண் காய்ந்தால் கல்லாக இறுகும். நனைந்தால் காலோடு ஒட்டிக்கொண்டு வரும். தக்காளிக்குப் பேர்போன இந்த மண்ணில் சொந்த மைதானம் அமைக்க நினைக்கும் கால்பந்து கிளப், கேலரிச் செலவைக் கணக்கிடுவதற்கு முன்னால் ஒரு கேள்விக்கு விடை கண்டாக வேண்டும்: மழைத் தண்ணீர் எங்கே போகும்?

நல்ல மைதானம் முழுத் தட்டையாக இருப்பதில்லை. நடுவில் சற்றே மேடாக்கி, இரு ஓரத்துக்கும் சரிவு கொடுக்கிறார்கள். நூற்றுக்கு ஒன்று என்ற சரிவு போதும். 64 மீட்டர் அகல மைதானத்தில் நடுப்பகுதி ஓரத்தைவிட 32 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கும். ஓடுகிறவர் அதை உணரவே மாட்டார். தண்ணீரோ நிற்காமல் ஓரக் கால்வாய்க்கு இறங்கிவிடும்.

அடுத்தது புல். பிள்ளையாருக்குச் சாத்துகிறோமே, அதே அருகம்புல்தான் வெப்ப நாட்டு மைதானங்களின் உயிர். தரைக்கு மேலே ஓடும் கொடி, தரைக்குள் ஓடும் தண்டு என இரண்டு வழியிலும் பரவுவதால், மிதிபட்டாலும் கிழிபட்டாலும் மறுபடி தழைக்கிறது. அருகம்புல்லும் ஆப்பிரிக்க இனம் ஒன்றும் கலந்து பிறந்து, அமெரிக்காவின் டிஃப்டன் நகரில் 1960-ல் வெளியிடப்பட்ட ‘டிஃப்வே’ ரகம் உலகமெங்கும் மைதானங்களில் வளர்கிறது. வரப்பில் நாம் களையென்று பிடுங்கி எறிவது அதன் நெருங்கிய சொந்தம்!

முதலில் வழுக்கையாவது கோல் வாசல். கோல்கீப்பர் நின்று நின்று மண் இறுகிவிட, வேருக்குக் காற்றும் நீரும் எட்டுவதில்லை. முள்கரண்டி மண்வெட்டியால் ஒரு சாண் இடைவெளியில் குத்தித் துளையிட்டு, சலித்த மணலைத் தூவிப் பெருக்க வேண்டும். சிரமமான வேலைதான். ஆனால் பையன்களின் முழங்காலைக் காப்பாற்றுவது இதுதான்.

கோடு போடக் கொத்தனார் கணக்கே கைகொடுக்கும். மூன்று, நான்கு, ஐந்து மீட்டரில் கயிற்றை முக்கோணமாக இழுத்துக் கட்டினால் மூலை சரியான செங்கோணத்துக்கு வரும். கோட்டின் அகலம் 12 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. சுண்ணாம்பு தோலையும் கண்ணையும் பொசுக்கும். கல்மாவுக் கோலப்பொடி நல்லது.

சின்ன கிளப்புக்கு இவ்வளவு மெனக்கெடல் எதற்கு? 1948 லண்டன் ஒலிம்பிக்கில் இந்தியா பிரான்சைச் சந்தித்தது வெம்பிளியில் அல்ல. இல்ஃபோர்டில், உள்ளூர் அமெச்சூர் கிளப்பின் மைதானத்தில். நம்மவர்களில் பெரும்பாலோர் பூட்ஸ் அணியவில்லை. மைசூருக்கு ஆடிய சாரங்கபாணி ராமன் கோல் அடித்துச் சமன் செய்தார். கடைசி நிமிடங்களில் பிரான்ஸ் 2–1 என வென்றது. வெறுங்காலோடு ஒலிம்பிக் ஆட்டம் ஆடும் தரத்தில் ஓர் ஊர்க் கிளப் தன் தரையை வைத்திருந்தது.

நம் ஊர்களில் மைதானத்துக்கு எமன் ஆட்டமல்ல. பொருட்காட்சியும் பொதுக்கூட்டமும் லாரி நிறுத்தமும். பந்தல்கால் குழியை மேலாக மூடினால் முதல் மழையிலேயே உள்வாங்கி, கணுக்காலை முறிக்கும். குழியை அடிவரை மண் போட்டு, அடுக்கடுக்காக நனைத்துத் திமிசு போட்ட பிறகே புல் பதிக்க வேண்டும். வாடகை பேசும்போதே அந்தச் செலவையும் சேர்த்து வாங்கிவிட வேண்டும்.