தகரப் படகுக்கு எந்த அடுப்பு?

தை மாதம் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தில் மீனாட்சியும் சுந்தரேசுவரரும் தெப்பத்தில் வலம் வருவார்கள். அவ்வளவு பெரிய மிதவைக்கு எஞ்சின் கிடையாது. கரையில் ஆட்கள் வடம் பிடித்து இழுக்க வேண்டும். குளம் வற்றிய ஆண்டுகளில் அதுவும் இல்லை, நிலைத் தெப்பம்தான். சிறு வயதில் என் கண் தெப்பத்தில் நின்றதில்லை. திருவிழாக் கடையில், அன்னக்கூடைத் தண்ணீரில், ‘டப டப டப’ என்று சத்தமிட்டபடி தானே சுற்றி வந்த தகரப் படகின் மேல்தான் இருக்கும். வடம் இல்லை, சாவி இல்லை, பேட்டரி இல்லை. உள்ளே எரிந்தது ஒரே ஒரு எண்ணெய்த் திரி.

அந்தப் படகைப் பிரித்துப் பார்த்தவர்கள் ஏமாந்து போவார்கள். தீப்பெட்டியைவிடச் சிறிய ஒரு உலோகப் பெட்டி. அதிலிருந்து இறங்கி, படகின் பின்பக்கம் தண்ணீருக்குள் வாய் திறக்கும் இரண்டு மெல்லிய குழாய்கள். அவ்வளவுதான். பெட்டிதான் கொதிகலன், அதாவது நீர் ஆவியாகும் அறை. பிஸ்டன், வால்வு, சக்கரம் எதுவும் இல்லை. இப்படியொரு படகுக்கு 1891-லேயே தாமஸ் பியோ என்ற பிரெஞ்சுக்காரர் பிரிட்டனில் காப்புரிமை வாங்கிவிட்டார்.

எதற்கு இரண்டு குழாய்? ஓடுவதற்கு ஒன்றே போதும். எண்ணெய் டின்னில் ஒரு ஓட்டை மட்டும் போட்டால் எண்ணெய் ஒழுங்காக இறங்காது. காற்றுக்கு இன்னொரு ஓட்டை வேண்டும். இங்கும் அதே கதைதான். ஒரு குழாயில் நீர் ஊற்றும்போது உள்ளிருக்கும் காற்று மற்றொன்றின் வழியே வெளியேறுகிறது.

இப்போது திரியைக் கொளுத்தலாம். நீர் ஆவியானால் சுமார் 1,600 மடங்கு விரியும். ஒரு தேக்கரண்டித் தண்ணீர் முழுவதும் ஆவியானால் எட்டு லிட்டர், ஏறக்குறைய அரைக் குடம். படகுக்கு அவ்வளவு தேவையில்லை. ஒரு துளியின் சிறு பகுதி ஆவியானாலே குழாயில் நிற்கும் நீர் பின்னால் பீய்ச்சியடிக்கும்.

அடுத்து நடப்பதுதான் அழகு. கிளம்பிய நீர் உடனே நிற்காது. ஓடுகிற பேருந்து பிரேக் போட்டாலும் நாம் முன்னால் சாய்கிறோமே, அதே குணம். பாடப்புத்தகம் இதை நிலைமம் என்கிறது. நீர் தேவைக்கு மேல் வெளியே போய்விட, பின்னால் வந்த ஆவி குளிர்ந்த குழாய்ச் சுவரைத் தொட்டு மறுபடி நீராகிறது. அரைக் குடம் மீண்டும் தேக்கரண்டி! உள்ளே அழுத்தம் சரிகிறது. வெளிக்காற்றின் அழுத்தம் தொட்டித் தண்ணீரைக் குழாய்க்குள் தள்ளுகிறது. அது சூடான பெட்டியைத் தொட்டதும் மீண்டும் ஆவி. நொடிக்குப் பல முறை இந்த மூச்சு நடக்கிறது. பெட்டியின் மேல்மூடி மெல்லிய உலோகத் தகடாக இருந்தால், ஒவ்வொரு மூச்சுக்கும் அது புடைத்து அமுங்கும். நாம் கேட்கும் ‘டப டப’ அதுதான். இந்தத் தகடு வைத்த படகுக்கு 1915-ல் அமெரிக்காவின் சார்லஸ் மெக்ஹ்யூ காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்.

குக்கரில் விசில் வந்தால் ஆவி போனது போனதுதான். இங்கே மூச்சு சீராக நடக்கும்வரை ஆவி வெளியே வருவதே இல்லை.

சரி, வெளியே துப்பிய நீரையே படகு திரும்ப உறிஞ்சுகிறதே, முன்னும் பின்னும் ஆடிக்கொண்டு அங்கேயே நிற்க வேண்டாமா? ஒரு விளக்கை ஊதிப் பாருங்கள், அணையும். அதே தூரத்திலிருந்து காற்றை உறிஞ்சி அணைக்க முயலுங்கள். சுடர் அசைந்தால் அதிசயம். ஊதும் காற்று ஒரே திசையில் பாய்கிறது. உறிஞ்சும்போது எல்லாப் பக்கமிருந்தும் வருகிறது. படகும் அப்படித்தான். நீரை உறிஞ்சும்போது குழாயின் வாயில் படகு பின்னால் இழுபடுகிறது. உள்ளே வந்த நீர் மோதி நிற்கும்போது முன்னால் தள்ளுகிறது. இரண்டும் கிட்டத்தட்டச் சமம். துப்பும்போது கிடைத்த உந்தல் மட்டும் கணக்கில் மிஞ்சுகிறது.

இனி அடுப்பு. ஒரு சாதாரண மெழுகுவர்த்திச் சுடரின் வெப்பம் சுமார் 80 வாட். பழைய சீலிங் ஃபேன் இழுக்கும் மின்சாரத்துக்குச் சமம். அதில் ஒரு சதவீதம்கூடப் படகை நகர்த்தப் பயன்படுவதில்லை. ஆனாலும் சுடரைக் கூட்டினால் வேகம் கூடும் என்று நம்பக் கூடாது. ஆவி மிஞ்சினால் குழாய் வாய்வரை வந்து குமிழியாக வெளியேறிவிடும், மூச்சின் தாளம் கெடும். வெப்பம் குறைந்தால் ஆவியே போதாது. கற்பூரம் குபீரென்று எரிந்து, கரியப்பி, சீக்கிரம் தீர்ந்துவிடும். மெழுகுத் துண்டு படகின் வயிற்றுச் சூட்டில் உருகிச் சாயும். தகரக் கரண்டியில் நல்லெண்ணெயும் ஒற்றைப் பஞ்சுத் திரியும்தான் என் தேர்வு: சின்னச் சுடர், நீண்ட நேரம், ஒரே சீர்.

எஞ்சினுக்குச் சூடு எவ்வளவு முக்கியமோ, குளிர்ச்சியும் அவ்வளவு முக்கியம். சித்திரை வெயிலில் தொட்டித் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டினாலும் கவலையில்லை. ஆவியின் 100 டிகிரிக்கு அது குளிர்ந்த நீர்தான். வெந்நீரில் விட்டால் படகு திணறும்.

காகிதக் கோப்பையில் நீர் இருக்கும்வரை அடியில் தீ வைத்தாலும் கோப்பை எரியாது. கொதிகலனும் அதே தைரியத்தில்தான் வாழ்கிறது. பெட்டியைக் குழாயோடு ஒட்டியிருக்கும் ஈயப் பற்று 183 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். உள்ளே நீர் இருக்கிறவரை சூடு அவ்வளவு ஏறாது. ஆசை மிகுந்து ஒருமுறை இரண்டு திரி ஏற்றினேன். சத்தம் நின்றது, குழாய் கழன்றது, படகு அன்னக்கூடையின் அடிக்குப் போனது. திரி மட்டும் கொஞ்ச நேரம் எண்ணெய்ப் படலத்தோடு மிதந்தது.