காற்பந்துக் கழகங்களும் வரவு செலவுக் கட்டுப்பாடும்

காற்பந்து ஆட்டத்தில் வெற்றி தோல்வியைக் கோல் எண்ணிக்கையே முடிவு செய்கிறது. ஆனால், ஒரு காற்பந்துக் கழகம் நிலைத்திருக்குமா, மறைந்து போகுமா என்பதை முடிவு செய்வது அதன் கணக்குப் புத்தகமாகும். இவ்வுண்மையை மலாக்கா மாநில மக்கள் நேரிலேயே கண்டிருக்கின்றனர்.

மலாக்கா யுனைடெட் குழு 2016ஆம் ஆண்டில், அப்போது நாட்டின் இரண்டாம் நிலைப் போட்டியாக விளங்கிய மலேசியப் பிரிமியர் லீக்கில் வாகை சூடியது. 2017ஆம் ஆண்டு முதல் உயர்நிலைப் போட்டியான சூப்பர் லீக்கில் களமிறங்கியது. குருபோங்கில் அமைந்துள்ள ஹங் ஜெபாட் விளையாட்டரங்கில் சுமார் 40,000 பேர் அமரலாம். பட்டணமானாலும் தோட்டமானாலும், மாநிலத்தில் காற்பந்தை நேசித்தவர்களுக்கு அஃது ‘நம்ம குழு’வாக இருந்தது. ஆறு பருவங்கள் இவ்வாறு கடந்தன. 2023ஆம் ஆண்டுப் பருவம் தொடங்கியபோது சூப்பர் லீக் பட்டியலில் மலாக்கா யுனைடெட்டின் பெயர் இல்லை.

அக்குழு ஆட்டங்களில் தோற்றுக் கீழிறங்கவில்லை. ஆட்டக்காரர்களுக்குக் கொடுக்க வேண்டிய ஊதியம் பாக்கியாக நின்றதே காரணம். ஊதியப் பாக்கிக்காக 2021ஆம் ஆண்டிலேயே அதனிடமிருந்து 3 புள்ளிகள் பறிக்கப்பட்டன. சிக்கல் தீராததால், 2022ஆம் ஆண்டின் இறுதியில் அடுத்த பருவத்திற்கான உரிமம் அக்கழகத்திற்கு வழங்கப்படவில்லை. சரவாக் யுனைடெட் கழகத்திற்கும் அதே நிலை ஏற்பட்டது.

ஒரு கழகம் ஏன் தன் வரவை மீறிச் செலவு செய்கிறது? அதனைத் தடுக்க என்னென்ன விதிகள் உள்ளன? பணக்காரக் கழகங்கள் அவ்விதிகளை எவ்வாறு சமாளிக்கின்றன? இவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

கடனில் வாங்கிய வெற்றி

ஒரு தோட்டத்துக் காற்பந்துக் குழுவை எண்ணிப் பார்ப்போம். அதில் 20 உறுப்பினர்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவரும் மாதம் 10 ரிங்கிட் சந்தா செலுத்தினால், ஆண்டுக்கு 2,400 ரிங்கிட் சேரும். தோட்ட நிருவாகம் 600 ரிங்கிட் கொடுத்து உதவுகிறது. ஆக, மொத்த வரவு 3,000 ரிங்கிட். சீருடை, பந்து, வேன் வாடகை, போட்டிக் கட்டணம் ஆகியவற்றிற்கு 2,800 ரிங்கிட் செலவாகிறது. ஆண்டு முடிவில் 200 ரிங்கிட் மீதமாகும்.

அடுத்த ஆண்டு, கிண்ணத்தை எப்படியாவது வென்றுவிட வேண்டும் என்று குழுவினர் விரும்புகின்றனர். பட்டணத்திலிருந்து திறமையான தாக்குதல் ஆட்டக்காரர் ஒருவரை வரவழைக்கின்றனர். ஆட்டத்திற்கு 100 ரிங்கிட் என 20 ஆட்டங்களுக்கு 2,000 ரிங்கிட் தருவதாக வாக்களிக்கின்றனர். இப்போது செலவு 4,800 ரிங்கிட்டாக உயர்கிறது. வரவோ அதே 3,000 ரிங்கிட்தான். பற்றாக்குறையான 1,800 ரிங்கிட்டைப் பரிசுப் பணத்தைக் கொண்டு ஈடுகட்டலாம் என்பது அவர்களின் நம்பிக்கை.

ஆனால், கிண்ணத்தை ஒரு குழுதான் வெல்ல முடியும். எல்லாக் குழுக்களும் பரிசுப் பணத்தை நம்பிச் செலவு செய்தால், ஒன்றைத் தவிர மற்றவை அனைத்தும் கடனில் மூழ்கும். அப்போது பாதிக்கப்படுபவர்கள் யார்? வாக்களித்த பணம் கிடைக்காத ஆட்டக்காரர், வாடகை கிடைக்காத வேன் ஓட்டுநர், கடனுக்குச் சீருடை தைத்துக் கொடுத்த கடைக்காரர் ஆகியோரே.

வசதி படைத்த ஒருவர் முன்வந்து அக்கடனை அடைக்கலாம். அது நல்ல உதவிதான். எனினும், அவர் வேறு ஊருக்குச் சென்றாலோ மனம் மாறினாலோ, குழுவின் கதி என்னவாகும்? பெரிய கழகங்களிலும் இதே நிகழ்வுதான் கோடிக்கணக்கான பணத்தில் நடைபெறுகிறது.

விதிகள் பிறந்த வரலாறு

ஐரோப்பியக் காற்பந்துச் சங்கங்களின் ஒன்றியமான யூஃபா, 2009ஆம் ஆண்டில் கழகங்களின் கணக்குகளை ஆராய்ந்தது. அவற்றுள் பாதிக்கும் மேற்பட்டவை நட்டத்தில் இயங்கியது தெரியவந்தது. எனவே, கழகங்கள் தங்கள் சொந்த வருமானத்திற்குள் செலவு செய்ய வேண்டும் என்னும் விதியை அது கொண்டுவந்தது. நுழைவுச்சீட்டு விற்பனை, தொலைக்காட்சி உரிமை, விளம்பரம், ஆட்டக்காரர் விற்பனை ஆகியவையே கழகத்தின் வருமானம். உரிமையாளர் தம் சொந்தப் பையிலிருந்து அள்ளிக் கொடுக்கும் பணத்திற்கு வரம்பு விதிக்கப்பட்டது. பின்னர் வந்த புதிய விதியின்படி, ஊதியம், மாற்றுக் கட்டணம், முகவர் கட்டணம் ஆகியவற்றிற்கான செலவு, கழக வருமானத்தில் 70 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. இவ்வரம்பு 90, 80, 70 விழுக்காடு எனப் படிப்படியாக இறுக்கப்பட்டது.

இங்கிலாந்துப் பிரிமியர் லீக் வேறு முறையைக் கையாண்டது. ஒரு கழகம் மூன்று ஆண்டுகளில் 105 மில்லியன் பவுண்டு வரை மட்டுமே நட்டமடையலாம் என அது வரையறுத்தது. எவர்ட்டன் கழகம் இவ்வரம்பை 19.5 மில்லியன் பவுண்டு மீறியது. அதனால், 2023ஆம் ஆண்டு நவம்பரில் அதனிடமிருந்து 10 புள்ளிகள் பறிக்கப்பட்டன. மேல்முறையீட்டில் அது 6 புள்ளிகளாகக் குறைக்கப்பட்டது.

ஸ்பெயின் நாட்டின் லீக் நோய் வருமுன் காக்கும் முறையைப் பின்பற்றுகிறது. ஒவ்வொரு கழகமும் ஆட்டக்காரர்களுக்காக எவ்வளவு செலவிடலாம் என்பதை அது முன்கூட்டியே கணக்கிட்டு அறிவிக்கிறது. வரம்பைத் தாண்டினால் புதிய ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டுப்படுத்தப்படும். 2021ஆம் ஆண்டில் லியோனல் மெஸ்ஸி பார்சிலோனாவை விட்டுப் பிரிந்ததற்கு இதுவே காரணம். அவர் தம் ஊதியத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்ள முன்வந்தும், கழகத்தின் கணக்கு இடங்கொடுக்கவில்லை.

பணக்காரக் கழகங்களின் வழிகள்

விதி வந்தவுடன் பணக்காரக் கழகங்கள் கைகட்டி நிற்கவில்லை. விதிக்கு உட்பட்டே அதிகம் செலவிடும் வழிகளைத் தேடின.

முதலாவது வழி, வருமானத்தைப் பெருக்குவது. செலவின் வரம்பு வருமானத்தைச் சார்ந்திருப்பதால், வருமானம் கூடினால் வரம்பும் கூடும். அரங்கத்தை விரிவாக்குவதும், உலகெங்கும் சட்டை விற்பதும், பெரிய விளம்பர ஒப்பந்தம் செய்வதும் நேர்மையான வழிகளே. ஆனால், உரிமையாளருக்கு நெருங்கிய நிறுவனமே சந்தை விலைக்கு மேல் விளம்பரப் பணம் கொடுத்தால், அது வருமானமா, வேறு பெயரில் வந்த நன்கொடையா? இந்தக் கேள்வி எழுந்ததால், விளம்பர ஒப்பந்தங்களின் நியாயமான மதிப்பை யூஃபா ஆராயத் தொடங்கியது. 2014ஆம் ஆண்டில் மான்செஸ்டர் சிட்டி, பாரிஸ் செயிண்ட் ஜெர்மைன் ஆகிய கழகங்களுக்குத் தலா 60 மில்லியன் யூரோ அபராதம் விதிக்கப்பட்டது. அவற்றில் தலா 40 மில்லியன், நிபந்தனையுடன் நிறுத்தி வைக்கப்பட்டது.

இரண்டாவது வழி, ஒப்பந்தக் காலத்தை நீட்டிப்பது. இதனை ஒரு கணக்கின் மூலம் விளங்கிக்கொள்ளலாம். ஒரு கழகம் 80 மில்லியன் பவுண்டுக்கு ஓர் ஆட்டக்காரரை வாங்குகிறது. அத்தொகை முழுவதும் ஒரே ஆண்டின் செலவாக எழுதப்படுவதில்லை. ஒப்பந்த ஆண்டுகளுக்குப் பகிர்ந்து எழுதப்படுகிறது. ஐந்தாண்டு ஒப்பந்தமாயின், ஆண்டுக்கு 16 மில்லியன். எட்டாண்டு ஒப்பந்தமாயின், ஆண்டுக்கு 10 மில்லியன் மட்டுமே. தொகை ஒன்றுதான், கணக்கில் தெரியும் பாரம் மட்டும் குறைகிறது. செல்சி கழகம் 2023ஆம் ஆண்டு சனவரியில் சில ஆட்டக்காரர்களுடன் எட்டரை ஆண்டு வரையிலும்கூட ஒப்பந்தம் செய்தது. இதனைக் கண்ட யூஃபா, ஒப்பந்தம் எத்தனை ஆண்டாக இருந்தாலும், மாற்றுக் கட்டணத்தை அதிகபட்சம் ஐந்தாண்டுகளுக்கே பகிரலாம் என விதியைத் திருத்தியது. பிரிமியர் லீக்கும் அதனைப் பின்பற்றியது.

மூன்றாவது வழி, சொந்தப் பயிற்சிக் கழகத்தில் வளர்ந்த ஆட்டக்காரர்களை விற்பது. அவர்களை வாங்குவதற்கு மாற்றுக் கட்டணம் எதுவும் கொடுக்கப்படவில்லை. ஆகையால், விற்ற விலை ஏறக்குறைய முழுமையும் இலாபமாகக் கணக்கில் ஏறுகிறது. சிறு வயது முதல் கழகத்தையே தாய்வீடாகக் கருதிய இளைஞர், கணக்கைச் சரிசெய்யும் பொருட்டு விற்கப்படும் நிலை இதனால் உருவாகிறது. இளைஞர்களை வளர்க்க ஊக்கமளிக்க வேண்டிய விதி, அவர்களை விற்கவும் தூண்டுவது சிந்திக்கத்தக்கது.

நான்காவது வழி, சொத்தை விற்பது. பார்சிலோனா 2022ஆம் ஆண்டில், தன் லீக் தொலைக்காட்சி வருமானத்தில் 25 விழுக்காட்டை 25 ஆண்டுகளுக்கு விற்று, உடனடியாகப் பணம் திரட்டியது. செல்சி தன் விளையாட்டரங்கின் அருகிலுள்ள இரண்டு தங்கும் விடுதிகளைத் தன் உரிமையாளர் குழுமத்தைச் சேர்ந்த மற்றொரு நிறுவனத்திற்கே 76.5 மில்லியன் பவுண்டுக்கு விற்றது. வலக்கையில் உள்ளதை இடக்கைக்கு மாற்றுவது போன்ற இத்தகைய விற்பனையை யூஃபா வருமானமாக ஏற்பதில்லை. 2025ஆம் ஆண்டில் நிதி விதிகளை மீறியதற்காகச் செல்சிக்கு 31 மில்லியன் யூரோ அபராதம் உடனடியாகச் செலுத்தும்படி விதிக்கப்பட்டது.

ஐந்தாவது வழி, சட்டப் போராட்டம். 2020ஆம் ஆண்டில் மான்செஸ்டர் சிட்டிக்கு ஐரோப்பியப் போட்டிகளில் இரண்டு ஆண்டுத் தடை விதிக்கப்பட்டது. அனைத்துலக விளையாட்டு நடுவர் மன்றம், சில குற்றச்சாட்டுகள் நிறுவப்படவில்லை என்றும் சில காலங்கடந்தவை என்றும் கூறி, அத்தடையை நீக்கியது. முதலில் விதிக்கப்பட்ட 30 மில்லியன் யூரோ அபராதம், விசாரணைக்கு ஒத்துழைக்காததற்காக மட்டும் 10 மில்லியனாகக் குறைக்கப்பட்டது. திறமைமிக்க வழக்கறிஞர்களை அமர்த்தப் பெரிய கழகங்களால் முடியும். சிறிய கழகங்களுக்கு அது எட்டாக்கனி.

விதி யாருக்கு நன்மை?

இவ்விதிகளைப் பற்றி இருவேறு கருத்துகள் உள்ளன. ‘வருமானத்திற்கேற்ற செலவு’ என்றால், ஏற்கெனவே அதிக வருமானம் ஈட்டும் கழகமே அதிகம் செலவிட முடியும். எனவே, இவ்விதி பெரியவர்களை என்றும் பெரியவர்களாகவே வைத்திருக்கிறது என்பது ஒரு தரப்பின் வாதம். அது புறக்கணிக்கத்தக்கதன்று. அதே வேளையில், விதியே இல்லாவிட்டால் சிறிய கழகம் பெரிய கழகத்தைத் துரத்திக் கடனில் விழும். அதனை நம்பியவர்கள் ஊதியமின்றித் தவிப்பர் என்பது மறுதரப்பின் வாதம். விதி எல்லாக் குழுக்களையும் சமமாக்குவதில்லை. கொடுத்த வாக்கைக் காப்பாற்றும்படி வற்புறுத்துகிறது. அதனிடம் நாம் எதிர்பார்க்க வேண்டிய முதற்பயன் இதுவே.

நம் நாட்டிலும் இவ்வேறுபாட்டைக் காணலாம். ஜொகூர் டாருல் தக்சிம் கழகம் 2014ஆம் ஆண்டு முதல் சூப்பர் லீக்கைத் தொடர்ந்து வென்று வருகிறது. 2015ஆம் ஆண்டில் ஏஎஃப்சி கிண்ணத்தையும் வென்றது. 2020ஆம் ஆண்டில் அதன் புதிய அரங்கமான சுல்தான் இப்ராஹிம் விளையாட்டரங்கம் திறக்கப்பட்டது. சொந்த அரங்கம், பயிற்சிக் கழகம், வலுவான ஆதரவு நிறுவனங்கள் ஆகியவை அதன் பலம்.

மலேசிய இந்தியக் காற்பந்துச் சங்கத்தின் குழுவாக வளர்ந்து, 2019ஆம் ஆண்டில் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்னும் பெயருடன் சூப்பர் லீக்கில் ஆடிய கழகமோ வேறு பாதையில் சென்றது. 2021ஆம் ஆண்டில் அது வெளிநாட்டு ஆட்டக்காரர் எவரையும் சேர்க்காமல், உள்நாட்டு இளைஞர்களைக் கொண்டே களமிறங்கியது. ஆயினும், 2022 பருவத்திற்குப் பின் லீக்கிலிருந்து விலகிக்கொண்டது. செலவைக் குறைத்தால் மட்டும் போதாது. நிலையான வருமானமும் தொடர்ந்து நடத்தும் உறுதியும் ஒரு கழகத்திற்குத் தேவை.

மலாக்காவில் காற்பந்து அணைந்துவிடவில்லை. 2025/26 பருவத்தில் மலாக்கா எஃப்சி என்னும் மற்றொரு கழகம், மாநிலத்தின் பெயரைத் தாங்கிச் சூப்பர் லீக்கில் இடம்பெற்றது. இரசிகர்களின் ஆர்வம் அதற்கு ஊக்கமளிக்கும். ஆனால், அதன் எதிர்காலத்தைக் காக்கப் போவது மாதந்தோறும் உரிய நாளில் வழங்கப்படும் ஊதியமே.

வரவு சிறிதாக இருந்தாலும், செலவு அதனை மீறாதிருந்தால் கேடில்லை என்பது திருவள்ளுவர் காட்டிய நெறி. குடும்பத்திற்கும் அரசுக்கும் பொருந்தும் இந்நெறி காற்பந்துக் கழகத்திற்கும் பொருந்தும். ஒரு கழகம் புதிய ஆட்டக்காரரை வாங்கியது என்னும் செய்தியைப் படிக்கும்போது, ‘அவர் எத்தனை கோல் போடுவார்?’ என்று நாம் கேட்கிறோம். ‘அவருக்கு ஊதியம் எங்கிருந்து வரும்?’ என்றும் சேர்த்துக் கேட்கப் பழகினால், நாம் நேசிக்கும் குழு அடுத்த பருவத்திலும் ஆடுமா என்பதை முன்கூட்டியே அறியலாம்.