பாட்டனாரின் நாட்குறிப்பும் கரி பஸ்ஸும்

நாட்குறிப்பு ஒருவர் தமக்காக எழுதிக்கொள்வது. எனினும் காலம் செல்லச் செல்ல அது நாட்டு வரலாற்றுக்குச் சான்றாகி விடுகிறது. புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பு யாவரும் அறிந்தது. எளியோர் எழுதிய குறிப்புகளும் அத்தகு பயன் உடையனவே.

என் பாட்டனார் உத்தமபாளையத்தில் மளிகைக் கடையொன்றில் கணக்கெழுதியவர். 1943ஆம் ஆண்டில், தம் இருபதாம் வயதில், மதுரைக்குச் சென்று வந்ததை அவர் மூன்றே வரிகளில் குறித்துள்ளார். வண்டிக்கு 'அடுப்பு மூட்ட' நெடுநேரமாயிற்று. ஆண்டிபட்டிக் கணவாயில் எல்லோரும் இறங்கி நடந்தனர். ஊர் சேர்ந்தபோது வெள்ளைச் சட்டை கறுத்திருந்தது.

பேருந்துக்கு அடுப்பு எதற்கு? இரண்டாம் உலகப்போரின்போது, 1941இல், இந்தியாவில் பெட்ரோல் பங்கீடு வந்தது. 1942 ஏப்ரலில், பின்வாங்கிய ஆங்கிலேயர் பர்மாவின் ஏனாஞ்சாங் எண்ணெய்க் கிணறுகளைத் தாமே அழித்தனர். தட்டுப்பாடு முற்றவே பேருந்துகள் மரக்கரிக்கு மாறின.

வண்டியின் பின்புறம் பொருத்திய இரும்புக் கலத்தில் கரியை இட்டு மூட்டுவர். காற்றை அளவாகவே விடுவதால் கரி முழுதும் எரியாமல் கார்பன் மோனாக்சைடு என்னும் எரிவாயு உண்டாகும். அதனைக் குளிர்வித்து, சாம்பலை வடிகட்டி எஞ்சினுக்குச் செலுத்துவர். கனல் நன்கு பிடித்த பின்னரே வாயு கிடைக்கும். புறப்பாடு தாமதமானது இதனால்தான். எரியாத நைட்ரஜனும் உடன் கலந்திருப்பதால் பெட்ரோலின் ஆற்றல் இதற்கு இல்லை. ஆகவே மேட்டில் பயணிகள் நடந்தனர். கரித்தூள் சட்டையில் படிந்தது. மணமற்ற அவ்வாயு உயிர் பறிக்கும் நஞ்சு என்பதையும் மறத்தலாகாது.

போர் என்னும் சொல் அவ்வரிகளில் ஓரிடத்தும் இல்லை. ஆயினும் தொலைவில் நடந்த போர் ஒரு கடைப்பிள்ளையின் சட்டை வரை வந்து சேர்ந்ததை அவை காட்டுகின்றன.

'அடுப்பு' என்பதற்கு இப்பொருளை எனக்கு உரைத்தது அகராதி அன்று; முதிய ஓட்டுநர் ஒருவரே. எழுத்து எஞ்சியிருந்தும் பொருள் சொல்வார் இல்லையேல் அது ஊமையாகிவிடும். மாணவர்களே, வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய ஏடுகளை எடைக்குப் போடுமுன் படித்துப் பாருங்கள். பெரியோர் நம்மோடு இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள்.